நான் சந்தேகப்படாத மாத்திரை

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு, ஓய்வு பெற்று ஹாலிஎலயில் வீட்டோடு இருக்கிற நான் சொல்லிக்கொடுக்கக் கூடியது அதிகமில்லை. மருந்தின் அளவெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஊசி போடுவதில் என்னைவிட உங்கள் கை சுத்தம். ஆனால் யாரைச் சந்தேகப்படுவது, எப்போது சந்தேகப்படுவது என்பது எந்தக் கைபேசியிலும் இல்லை. அந்தப் பாடத்தில் நான் ஒரு தடவை மிக மோசமாகத் தோற்றேன். ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சந்தேகப் பிராணி. கடையில் பருப்பு வாங்கினால் தராசைப் பார்க்கமாட்டேன், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி, "நீங்க பொலிசுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு" என்றாள். முப்பது வருஷம் கழித்தும் அவள் கருத்து மாறவில்லை.

தோட்டத்தில் இந்தக் குணத்துக்கு நல்ல மதிப்பு. உடம்புக்கு முடியவில்லை, இன்று வேலைக்குப் போக வேண்டாம் என்று நாம் சீட்டில் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் ஆளுக்கு லீவு. அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் டிஸ்பென்சரி வாசலில் வரிசை நிற்கும். தேர்மாமீட்டரைச் சூடான தேத்தண்ணியில் முக்கி எடுத்தவரை நான் பிடித்திருக்கிறேன். வலது காலில் நொண்டிக்கொண்டு வந்து இடது காலில் நொண்டிக்கொண்டு திரும்பியவரைப் பிடித்திருக்கிறேன். "இந்த டாக்டர் ஐயாகிட்ட ஒன்னும் பலிக்காது" என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள். நாம் டாக்டர் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து மேனேஜர் துரைக்கு என் மேல் பிரியம். எனக்கும் என் மேல் பிரியம் அதிகம்தான்.

நமுனுகுல மலைக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தில் நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் நடந்தது இது. தவமணி என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, கைவேகம் அப்படி. ஆனால் மூக்கு எப்போதும் அடைத்தபடி. வாயால்தான் மூச்சு விடுவாள். மூக்குக்குள் சதை வளர்ந்து பதுளை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருஷம் போகவில்லை, மறுபடி வளர்ந்துவிட்டது. வாசனையே தெரியாது. வீட்டில் சோறு அடிப்பிடித்தால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரிதான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

சின்ன வயதில் அவளுக்கு ஆஸ்துமா இழுப்பு கிடையாது. முப்பது தாண்டித்தான் வந்தது. கிளினிக்கில் வாய்க்குள் மருந்து அடிக்கிற பம்ப் கொடுத்திருந்தார்கள், ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு என்னிடம் ஒரு நோய் அட்டை, நெஞ்சுக்கு இன்னொரு அட்டை. இரண்டு அட்டையும் ஒரே பெட்டிக்குள் கிடந்தும் நான் அவற்றைச் சேர்த்து வைத்து வாசித்ததில்லை.

அந்த வருஷம் அவளுக்குத் திடீர் திடீரென்று பெரிய இழுப்பு வர ஆரம்பித்தது. மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வரும். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பம்பை அடித்து அடித்து, நான் பார்க்கும்போது பாதி தெளிந்திருப்பாள். அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது. மூன்று தடவை வந்ததும் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்றும் நாலாம் நம்பர் மலையில் வேலை நடந்த நாள்கள்.

நாலாம் நம்பர் மலை எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தானது, தூரமானது, அட்டைப்பூச்சி நிறைந்தது. அங்கே போக யாருக்கும் பிடிக்காது. எனக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இழுப்பு நிஜம்தான், ஆனால் அந்த மலைக்குப் போகாமல் இருக்க அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதையே இன்னொருவரும் கண்டுபிடித்திருந்தார். அவள் புருஷன் சிவலிங்கம், ஃபெக்டரியில் வேலை. ஒரு நாள் வந்து, "ஐயா, அந்த மலைக்குப் போனா மட்டுந்தாங்க இவளுக்கு வருது. மேல முனி இருக்குங்க. ஒரு சேவல் குடுத்துறலாம்னு பாக்குறேன்" என்றார். நான் சிரித்து அனுப்பிவிட்டேன். இன்று யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அவர் கண்டதும் நான் கண்டதும் ஒன்றுதான். அவருக்கு முனி மேல் சந்தேகம், எனக்கு அவர் பெண்டாட்டி மேல் சந்தேகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இல்லை. வேறு ஏதாவது மருந்து குடித்தாயா என்று தவமணியிடம் இரண்டு தடவை கேட்டேன். பம்ப் தவிர ஒன்றுமில்லை என்றாள். நாட்டு மருந்து ஏதோ குடித்துவிட்டு மறைக்கிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு அவள் ஆள்களுக்கு வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளையிடம் போய், நாலாம் நம்பர் மலைக்கு மட்டும் தன்னை அனுப்ப வேண்டாம், வேறு எங்கே போட்டாலும் செய்கிறேன் என்று கேட்டாள். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "நோய் கொஞ்சம், நடிப்பு கொஞ்சம்" என்றேன். அந்த நாலு வார்த்தைக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அவள் கோரிக்கை தள்ளுபடியானது.

அடுத்த தடவை அந்த மலையில் வேலை விழுந்த அன்று நானும் ஏறினேன். முதலுதவிப் பெட்டியைப் பரிசோதிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். இந்த வயதில் என்னை ஏற வைத்துவிட்டாளே என்று ஒவ்வொரு வளைவிலும் அவளைத்தான் திட்டினேன். தோளில் என் அவசரப் பை. அதை எங்கே போனாலும் எடுத்துப்போவது பழக்கம். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பழக்கம்தான்.

தேத்தண்ணி நேரம் வந்தது. பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தின் கங்காணி ராக்கம்மா, நல்ல கறாரான பெண். அவள் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, தலைவலி, முதுகுவலி என்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தாள். பால் இல்லாத தேத்தண்ணியோடு விழுங்கினார்கள்.

அந்தப் பெட்டி அந்த வருஷம்தான் நான் செய்த ஏற்பாடு. தலைவலி என்று சொல்லித் தூரத்து மலையிலிருந்து ஆள்கள் இறங்கி வந்து பாதி நாளைக் கழிக்கிறார்கள் என்ற சந்தேகத்தில், மாத்திரையையே மலைக்கு அனுப்பிவிட்டேன். டெங்கு பயத்தால் காய்ச்சல்காரர்களுக்கு அஸ்பிரின் கொடுப்பதை நிறுத்தியிருந்தோம். அலுமாரியில் அது சும்மா கிடந்தது. பரசிட்டமோலை டிஸ்பென்சரியில் வைத்துக்கொண்டு, அஸ்பிரினை எண்ணிப் பெட்டியில் போட்டு நாலாம் நம்பர் மலைக்குக் கொடுத்தேன். மற்ற மலைகள் பக்கம்தானே, வலித்தால் இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டேன். இதைக் கேட்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு விளங்கவில்லை.

தவமணியும் ஒரு மாத்திரை வாங்கினாள். மூக்கடைப்போடு அந்த ஏற்றம் ஏறினால் நெற்றி விண்விண்ணென்று வலிக்கும் என்றாள். நான் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. முகமும் கழுத்தும் சிவந்தன. பிறகு இருமல். ‘ஆரம்பித்துவிட்டாள்’ என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. எவ்வளவு தூரம் போகிறாள் பார்ப்போம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணி பார்த்ததால் அது நாலு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ராக்கம்மா கத்திய பிறகுதான் எழுந்தேன். தவமணி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். உதடு நீலம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். சத்தமே இல்லை. இழுப்பு இருக்கிறவர் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க வேண்டும். நடிக்கிறவரால் அந்தச் சத்தத்தைக் கூட்ட முடியும், இல்லாமல் ஆக்க முடியாது. காற்றே போகவில்லை என்றால்தான் சத்தம் நிற்கும். பையில் அட்ரினலின் இருந்தது. தொடையில் போட்டேன். பம்பை விடாமல் அடிக்கச் சொன்னேன்.

பக்கத்து மலையில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் ஓடிவந்தார்கள். கம்பளியில் படுக்கவைத்துத் தூக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவரைப் படுக்கவைத்தால் இருக்கிற மூச்சும் போய்விடும். ஒருவர் மாற்றி ஒருவர் முதுகில் நிமிர்த்திச் சுமந்து இறக்கினார்கள்.

கூடவே இறங்கிவந்த ராக்கம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "போன தடவையும் இப்புடித்தாங்க ஐயா. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல."

நான் நின்றுவிட்டேன். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலீங்களே. வேற மருந்து ஏதாச்சும் குடிச்சியான்னுதானே அவகிட்ட கேட்டீங்க. இது நீங்க குடுத்ததுதானுங்களே ஐயா."

கொழுந்து லொறியில் ஏற்றினோம். டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தி ஒக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டேன். ஃபெக்டரியிலிருந்து சிவலிங்கம் ஓடிவந்து ஏறினார். பதுளை வரை மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே, "நான் சொன்னேன்லங்க ஐயா, அந்த மலைதான், அந்த மலைதான்" என்று புலம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. ராக்கம்மா மலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கும் அவள் சொன்னதன் அர்த்தம் தெரியாது. லொறியில் அந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், சிங்களப் பெண்பிள்ளை. கை வேலை செய்துகொண்டிருக்க வாய் சிங்களத்தில் என்னிடம் கேட்டது: எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தீர்கள், இதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை விழுங்கினாளா. அட்ரினலினைச் சொன்னேன். பம்பைச் சொன்னேன். மாத்திரை ஒன்றும் இல்லை என்றேன். மலையில் வேலை செய்யும்போது வந்தது, தூசாக இருக்கலாம் என்று கூட ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். முப்பது வருஷமாக மற்றவர் பொய்யைப் பிடித்தவனுக்குப் பொய் எவ்வளவு லேசாக வந்தது பாருங்கள்.

ஒரு மணி நேரத்தில் தவமணிக்கு மூச்சு கொஞ்சம் வந்தது. ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். பேசியதும் தலையைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்க முடியவில்லை என்று கை காட்டினாள். சற்று நேரத்தில் நர்ஸ் ஒருவர் தட்டில் ஊசியோடு வந்தார். என்ன ஊசி என்று கேட்டேன். வலிக்கு, டைக்ளோஃபெனாக் என்றார்.

உங்களுக்குத் தெரியும், அது அஸ்பிரினுக்குப் பங்காளி. அஸ்பிரின் ஆகாத இந்த நோயாளிகளுக்கு அதுவும் ஆகாது, இபுப்ரோஃபெனும் ஆகாது. அது எனக்கும் என்றோ படித்ததாக ஞாபகம் இருந்தது. நிச்சயமாகத் தெரியாது. தப்பாக இருந்தால் பைத்தியக்காரன் என்பார்கள். சரியாக இருந்தால் வேலை போகலாம். எதுவும் சொல்லாவிட்டால் இந்தப் பெண் என் கண் முன்னாலேயே போகலாம். நர்சுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை வந்ததும், சிவலிங்கத்துக்கும் விளங்கட்டும் என்று முதலில் தமிழில் சொன்னேன், பிறகு சிங்களத்தில் சொன்னேன். இவள் அஸ்பிரின் விழுங்கினாள். இது முதல் தடவை இல்லை. கொடுத்தது என் பெட்டி.

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உங்களிடம் இதைத்தானே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஊசியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து மூன்று விஷயம் விசாரித்தார். மூக்கில் சதை உண்டா, வாசனை தெரியுமா, இழுப்பு எந்த வயதில் வந்தது. மூன்றுக்கும் பதில் என் அட்டைப் பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. மூக்குச் சதை, வளர்ந்த பிறகு வந்த இழுப்பு, அஸ்பிரின் ஆகாமை, இவை மூன்று நோய் இல்லை, ஒரே நோய்தான் என்று எனக்கு விளக்கினார். அவள் கிளினிக் அட்டையின் மேல் ‘அஸ்பிரின் ஆகாது’ என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

சிவலிங்கம் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெளி விறாந்தையில் வெகுநேரம் நின்றுவிட்டு, என்னைப் பார்க்காமல், "முனிய நான் சும்மா திட்டிட்டேன்" என்றார்.

துரையிடம் நானே போய்ச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, அது நியாயம். அடுத்த நாள் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று எல்லாப் பெண்களுக்கும் முன்னால், தவமணி நடிக்கவில்லை, நான் கொடுத்த மாத்திரைதான் அவளைக் கொல்லப் பார்த்தது என்றேன். சொல்லி முடித்ததும் அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள்.

இதிலிருந்து நீங்கள் அஸ்பிரினைக் கண்டாலே ஓட வேண்டாம். நெஞ்சு நோய்க்காகப் பெரிய டாக்டர்கள் கொடுத்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தித் தொலைத்துவிடாதீர்கள், அது இன்னொரு ஆபத்து. இழுப்புக்காரர் எல்லோருக்கும் இது வருவதும் இல்லை. ஆனால் இழுப்போடு ஒருவர் வந்தால் மூக்கைப் பற்றிக் கேளுங்கள். கருவாடு பொரிக்கிற வாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். மருந்து குடித்தாயா என்று பொதுவாகக் கேட்டால் நமக்குக் கிடைப்பது பொதுவான பதில். தலை வலித்தால் என்ன போடுவாய், முதுகு வலித்தால் யார் என்ன கொடுப்பார்கள், கடையில் வெட்டிக்கொடுத்த மாத்திரைத் துண்டு வீட்டில் இருக்கிறதா, இப்படிக் கேளுங்கள். முக்கியமாக, அதில் நாம் கொடுத்தது எது என்று கேளுங்கள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு என் அலுமாரி மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. அது கவனக் குறைவு இல்லை. அது திமிர்.

தவமணி பத்து நாளில் திரும்பி வந்தாள். நாலாம் நம்பர் மலைக்கும் போனாள், மலையின் மேல் குற்றம் இல்லையே. அந்த வலிமாத்திரைகளை நிறுத்தியதோடு இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை, மூக்குச் சதையும் போகவில்லை. கிளினிக்கும் மூக்கு மருந்தும் தொடர்ந்தன. ஆனால் அந்த மாதிரிப் பெரிய இழுப்பு பிறகு வரவில்லை. டிஸ்பென்சரிப் பக்கம் மட்டும் அவள் வரவே இல்லை. வழியில் கண்டால் ஒதுங்கிப் போவாள். எனக்கு வலித்தது. கேட்க வாய் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காய்ச்சலோடு வந்து நின்றாள். வேறு வழியில்லாமல்தான் வந்திருப்பாள். பரசிட்டமோல் எடுத்து நீட்டினேன். கை நீட்டவில்லை. இதன் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். காகிதத்தையும் மாத்திரையையும் முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தக் காய்ச்சலோடு பதுளைக்கு பஸ் ஏறிவிட்டாள். டவுனில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் மருந்துக் கடை இருக்கிறது. அங்கே காட்டி விசாரிக்கப் போகிறாள் என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். எல்லோர் முன்னாலும் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கோபமும் வந்தது. உட்கார்ந்து யோசித்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் பஸ் ஏறியிருக்கமாட்டேனா என்று கேட்டுப் பார்த்தேன், கோபம் இறங்கிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தேன். இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலில் யாரும் இல்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"இது குடிக்கலாமாங்க ஐயா. கடையில சொன்னாங்க. அட்டையையும் காட்டுனேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கினாள். டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டு, எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"அர மணித்தியாலம் இங்கயே இருக்கேன்" என்றாள். "அன்னைக்கு மலையில என்னையப் பாத்துக்கிட்டே இருந்தீங்கள்ல. இன்னைக்கும் பாருங்க."

எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.